பழைய லாரியின் சேசிஸ் விரிசல்: கண்டுபிடிப்பதிலிருந்து வலுவூட்டல் வரை முழு வழிகாட்டி

வயதான லாரியின் சேசிஸில் விரிசல் விழுவது அபூர்வம் இல்லை. வண்டியைக் கழுவும்போதோ கிரீஸ் அடிக்கும்போதோ நீளச்சட்டத்தில் ஒரு துருக்கோடு கண்ணில் படும். உடனே வெல்டிங் மெஷினை இழுத்து வந்து, கோட்டின் மேலேயே ஒரு ஓட்டு ஓட்டி, அதன்மேல் ஒரு சதுரத் தகட்டை வைத்துச் சுற்றிலும் வெல்டு அடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். கொஞ்ச நாள் ஓடும். அப்புறம் அந்தத் தகட்டின் ஓரத்தை ஒட்டி, பழைய விரிசலுக்கு ஒரு சாண் தள்ளி, புதிதாக ஒன்று கிளம்பும். இரண்டாவது விரிசல் முதலாவதைவிட வேகமாகப் பரவும்.

வெல்டு நிற்காததற்கு வெல்டர் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. சட்டம் ஏன் குறிப்பாக அந்த இடத்தில் உடைந்தது என்று யாரும் கேட்காததுதான் பெரும்பாலும் காரணம். இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் போகும். விரிசலை அடைக்கும் முறையையும் விவரமாகச் சொல்கிறேன். ஆனால் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் நேராக வெல்டிங் பகுதிக்குத் தாவ வேண்டாம்.

முதலிலேயே ஒன்று. சேசிஸ் உடைந்தால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் அதோடு போகும். கட்டமைப்பு வெல்டிங்கில் கை தேறாதவர்கள் பிரித்துப் போடும் வேலை, சுத்தம் செய்யும் வேலை, அளக்கும் வேலை எல்லாவற்றையும் தாங்களே செய்யலாம். ஆர்க் அடிக்கும் வேலையை மட்டும் தேறிய வெல்டரிடம் விட்டுவிடுங்கள். சட்டத்தில் செய்த பழுதுக்குத் தகுதிச் சோதனையின்போது ஒப்புதல் தேவையா என்பது ஊருக்கு ஊர் மாறும். கைவைக்கும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சட்டம் சுமையைத் தாங்கும் விதம்

பெரும்பாலான லாரிகளின் சேசிஸ் ஏணி வடிவம். இரண்டு பக்கமும் நீளச்சட்டம், நடுவில் கிராஸ் மெம்பர்கள். நீளச்சட்டத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் சி வடிவம் தெரியும்: நடுவில் நிற்கும் சுவர், மேலே ஒரு மடிப்பு, கீழே ஒரு மடிப்பு.

முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே சுமை ஏறும்போது சட்டம் கீழ்நோக்கி வளையும். அப்போது மேல் மடிப்பு அமுங்கும், கீழ் மடிப்பு இழுபடும். பின் அச்சைத் தாண்டித் தொங்கும் பகுதியில் கதை தலைகீழ்: அங்கே மேல் மடிப்புதான் இழுபடும். சோர்வு விரிசல், அதாவது திரும்பத் திரும்ப வளைந்து வளைந்தே வரும் விரிசல், இழுபடும் பக்கத்தில்தான் பிறக்கும். எனவே அச்சுகளுக்கு நடுவே கீழ் மடிப்பையும், பின்தொங்கலில் மேல் மடிப்பையும் முதலில் பாருங்கள்.

நிற்கும் சுவரின் நடுக்கோட்டில் வளைவினால் வரும் இழுவிசை ஏறக்குறைய இல்லை. ஓட்டை போட வேண்டுமென்றால் சுவரில் போடு, மடிப்பில் போடாதே என்று தயாரிப்பாளர்கள் எல்லோரும் சொல்வது இதனால்தான். மடிப்பில் போட்ட ஒரு சின்ன ஓட்டைகூட இழுவிசை உச்சத்தில் இருக்கும் இடத்தில் போட்ட ஓட்டை. அதன் விளிம்பில் விசை ஏறத்தாழ மூன்று மடங்காகக் குவியும்.

வளைவது போக, ஏணிச் சட்டம் முறுக்கவும் வேண்டும். ஒரு சக்கரம் மேட்டிலும் மற்றது பள்ளத்திலும் நிற்கும்போது சட்டம் முறுக்கிக் கொடுப்பதால்தான் நான்கு மூலையும் தரையில் நிற்கின்றன. சி வடிவம் முறுக்கத்துக்கு இளகிக் கொடுக்கும். திறந்த பக்கத்தைத் தகட்டால் மூடிப் பெட்டியாக்கினால் அந்த இடம் முறுக்க மறுக்கும், முறுக்கம் முழுவதும் பெட்டி முடியும் இடத்தில் போய்க் குவியும். பலப்படுத்துவதாக நினைத்து சி-யை மூடுவது நான் அடியோடு எதிர்க்கும் வேலை.

படி 1: விரிசலை முழுமையாகத் தேடுங்கள்

கண்ணில் பட்ட ஒன்று மட்டும் இருக்கும் என்று நம்பாதீர்கள். இடது சட்டத்தில் இருந்தால் வலது சட்டத்தில் அதே இடத்தையும் பார்க்க வேண்டும். தேடவேண்டிய இடங்கள்: ஸ்பிரிங் ஹேங்கர்களை (ஸ்பிரிங்கைச் சட்டத்தில் பிடிக்கும் பிராக்கெட்டுகளை) சுற்றி, ஸ்டியரிங் பாக்ஸ் பொருத்தியிருக்கும் இடம், கிராஸ் மெம்பர் சேரும் ரிவெட் வரிசை, கேபினுக்குப் பின்னால் பாடியின் அடிச்சட்டம் (சேசிஸின் மேல் படுத்துப் பாடியைத் தாங்கும் தனிச் சட்டம்) தொடங்கும் இடம், பழைய வெல்டுகளின் முனை, யாரோ எப்போதோ போட்ட தேவையற்ற ஓட்டைகள்.

மண்ணையும் கிரீஸையும் கழுவிவிட்டுப் பாருங்கள். பெயிண்ட் மேல் முடிபோல ஒரு கோடு, அதிலிருந்து செம்பழுப்புப் பொடி கசிந்து கீழே வழிந்திருக்கும். வண்டி ஓடும்போது விரிசலின் இரண்டு முகமும் ஒன்றோடொன்று உரசி அரைத்துத் தள்ளும் துருப்பொடி அது. வெறும் பெயிண்ட் வெடிப்பில் இந்தப் பொடி வராது. ரிவெட் தலையைச் சுற்றி இதே நிறத்தில் வளையம் தெரிந்தால் அந்த ரிவெட் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

சந்தேகமான இடத்தில் பெயிண்டைக் கம்பி பிரஷ்ஷாலோ ஃபிளாப் டிஸ்க்காலோ எடுத்துவிட்டு, சிவப்புச் சாய ஊடுருவிச் சோதனை செய்யுங்கள். ஸ்பிரே டப்பாக்களாகவே கிடைக்கும். சுத்தமான உலோகத்தில் சிவப்புச் சாயத்தை அடித்து 10 முதல் 30 நிமிடம் விடுங்கள். மேலே இருப்பதைத் துணியில் கிளீனரை நனைத்துத் துடையுங்கள். கிளீனரை நேராகச் சட்டத்தில் பீய்ச்சினால் விரிசலுக்குள் போன சாயமும் கழுவப்பட்டுவிடும். பிறகு வெள்ளை டெவலப்பரை மெல்லியதாக அடியுங்கள். சற்று நேரத்தில் வெள்ளைப் பரப்பின்மேல் சிவப்பு நூல் ஒன்று ஊறி வரும். கண்ணுக்கு 4 செ.மீ. என்று தெரிந்த விரிசல் இதில் 6, 7 செ.மீ. என்று காட்டுவது சகஜம். நூல் முடியும் இரண்டு முனைகளையும் பஞ்ச் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

துருவையும் இதே சமயத்தில் அளந்துவிடுங்கள். சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்த இரும்பு மொத்தையாக ஒலிக்கும். இரட்டைச் சட்டம் (ஒரு சி-க்குள் இன்னொரு சி) உள்ள வண்டிகளில் இரண்டுக்கும் நடுவே துரு ஊதி, தகடுகளையே பிதுக்கித் தள்ளியிருக்கும். அந்த நிலையில் இருக்கும் சட்டத்தை வெல்டிங் காப்பாற்றாது.

படி 2: ஏன் இங்கே உடைந்தது?

விரிசல் இருக்கும் இடமே பாதி பதிலைச் சொல்லிவிடும்.

பாடியின் அடிச்சட்டம் கேபினுக்குப் பின்னால் சதுரமாக, திடீரென்று முடிந்திருக்கிறதா? அடிச்சட்டம் இருக்கும்வரை சேசிஸ் விறைப்பாக இருக்கும், முடிந்ததும் சட்டென்று இளகும். வளைவு முழுவதும் அந்தச் சந்தியில் குவியும். அடிச்சட்டத்தின் முன்முனையைச் சரிவாகச் சீவி, விறைப்பு படிப்படியாகக் குறையும்படி செய்யாவிட்டால் நீங்கள் எப்படி வெல்டு அடித்தாலும் திரும்ப உடையும்.

பாடியைப் பிடிக்கும் யு-போல்ட்டுகளைப் பாருங்கள். சி-யின் உள்ளே முட்டுக்கட்டை வைக்காமல் இறுக்கியிருந்தால் இரண்டு மடிப்பும் உள்நோக்கி மடங்கியிருக்கும். மடங்கிய மடிப்பு தன் பலத்தை இழந்துவிட்ட மடிப்பு.

ஸ்பிரிங் ஹேங்கரை ஒட்டி உடைந்திருந்தால் ஷேக்கிள் (ஸ்பிரிங் முனையை ஹேங்கரோடு இணைக்கும் ஆடும் இணைப்பு) புஷ், பின், யு-போல்ட் இவற்றின் தேய்மானத்தைப் பாருங்கள். அதிகச் சுமைக்காகக் கூடுதல் ஸ்பிரிங் பட்டை சேர்த்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். பட்டை கூடினால் வண்டி தாழாது. ஆனால் ஸ்பிரிங் விழுங்கவேண்டிய அதிர்ச்சியை ஹேங்கர் வழியாகச் சட்டம் விழுங்கும். சட்டத்தின் கொள்ளளவு அதனால் கூடவில்லை.

கிராஸ் மெம்பர் அருகே என்றால் ரிவெட்டோ போல்ட்டோ தளர்ந்திருக்கும். ஒரு கிராஸ் மெம்பர் வேலை செய்யாமல் போனால் அதன் பங்கு முறுக்கம் அடுத்ததற்குப் போகும்.

கிரேன், டேங்க், கனமான ஜெனரேட்டர் போன்றவற்றை ஒரே இடத்தில் ஏற்றியிருந்தால் சுமை பரவாமல் ஒரு புள்ளியில் இறங்கியிருக்கும். மடிப்பில் போட்ட ஓட்டை, கேஸ் கட்டரால் ஊதிய ஓட்டை, மடிப்புக்குக் குறுக்கே ஓட்டிய பழைய வெல்டு இவை எல்லாம் விரிசலுக்கு விதை போட்டுவைக்கும் வேலைகள். கேஸ் கட்டர் விளிம்பின் ஒவ்வொரு பல்லும் ஒரு விரிசலின் தொடக்கம்.

காரணம் தெரிந்ததும் எழுதி வையுங்கள். பழுதின் கடைசியில் அது களையப்பட்டிருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும்.

படி 3: சரிசெய்யலாமா, மாற்றவேண்டுமா?

இது எந்த இரும்பு என்று தெரியாமல் முடிவெடுக்க முடியாது. பழைய, சிறிய லாரிகளின் சட்டம் பெரும்பாலும் சாதாரண மைல்டு ஸ்டீல். இதன் இளகும் வலிமை, அதாவது இரும்பு நிரந்தரமாக வளையத் தொடங்கும் அளவு, சுமார் 250 மெகா பாஸ்கல். அடுத்தது சுமார் 345 முதல் 550 வரை உள்ள உயர்வலிமை இரும்பு. கனரக லாரிகளில் வெப்பப் பதப்படுத்திய சட்டமும் உண்டு, அது 760-ஐத் தொடும். முதல் வகையை நல்ல முறையில் வெல்டு செய்யலாம். இரண்டாவதைக் கட்டுப்பாடான சூட்டில் செய்யலாம். மூன்றாவதில் வெல்டின் சூடு பதத்தைக் கெடுத்து, வெல்டை ஒட்டிய பகுதியை மென்மையாக்கிவிடும்.

பதப்படுத்திய சட்டங்களில் துளையிடாதே, வெல்டு செய்யாதே என்ற எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டியிருப்பது வழக்கம். பழைய வண்டியில் அது எப்போதோ உரிந்திருக்கும். சேசிஸ் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் பாடி கட்டுவோர் கையேட்டில் பார்க்கலாம், அல்லது கையடக்கக் கடினத்தன்மைக் கருவியால் சோதிக்கலாம். மைல்டு ஸ்டீல் பிரினெல் அளவில் 120 முதல் 150-க்குள் நிற்கும்; பதப்படுத்தியது 250-ஐ ஒட்டி வரும். பதப்படுத்தியது என்று தெரிந்தால் தயாரிப்பாளர் அந்த மாடலுக்கென்று கொடுத்த முறை கையில் இல்லாமல் ஆர்க்கைத் தொடாதீர்கள்.

மேலும், துரு தகட்டின் கனத்தைத் தின்றிருந்தால், ஒரே பகுதியில் பல விரிசல்கள் இருந்தால், விபத்தில் சட்டம் மடங்கியிருந்தால், விரிசல் ஸ்டியரிங் பாக்ஸ் பொருத்தத்துக்குள் ஓடியிருந்தால் நான் பழுதுபார்க்கச் சொல்லமாட்டேன். சட்டத்தையோ அந்தப் பகுதியையோ மாற்றுவதுதான் வழி.

படி 4: வண்டியைத் தயார்செய்தல்

சுமை முழுவதையும் இறக்குங்கள். சமதளக் கான்கிரீட் தரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள்.

வெல்டு செய்யுமுன் அளப்பது முக்கியம். சேசிஸ் கோணலாக இருக்கும்போது விரிசலை அடைத்தால் கோணலையே நிரந்தரமாக்கிவிடுவீர்கள். இரண்டு நீளச்சட்டங்களிலும் ஒத்த புள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, தூக்குக்குண்டு தொங்கவிட்டுத் தரையில் குறியுங்கள். குறிகளுக்கிடையே மூலைவிட்டங்களை அளந்தால் இரண்டும் சமமாக வரவேண்டும். 3 மி.மீ. வரை வித்தியாசம் பொதுவாக ஏற்கத்தக்கது. அதற்குமேல் போனால் முதலில் சட்டத்தை நேராக்கும் வேலை இருக்கிறது. சட்டத்தின் பக்கவாட்டில் நூல் இழுத்துப் பிடித்துத் தொய்வையும் பாருங்கள்.

அடுத்து, விரிசலின் இரண்டு பக்கமும் சட்டத்துக்கு அடியில் தாங்கு ஸ்டாண்டுகள் வையுங்கள். ஜாக்கியால் மெல்லத் தூக்கினால் விரிசலின் வாய் மூடிக்கொள்வது தெரியும். வாய் மூடி, கோடு நேரானதும் நிறுத்துங்கள். அதற்குமேல் தூக்கினால் எதிர்ப்பக்கம் வளைத்துவிடுவீர்கள். பாரம் ஸ்டாண்டில் நிற்கவேண்டும், ஜாக்கியை நம்பி அடியில் படுக்கக்கூடாது.

பேட்டரியின் இரண்டு முனையையும் கழற்றுங்கள், ஆல்டர்நேட்டர் இணைப்பையும் பிரித்துவிடுங்கள். எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஏதாவது பின்னாளில் சேர்த்திருந்தால் அவற்றின் பிளக்கையும் உருவுங்கள். எரிபொருள் டேங்க் பக்கத்தில் இருந்தால் கழற்றி வெளியே எடுங்கள். காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது, உள்ளே ஆவி நிற்கும். ஏர் பிரேக்கின் நைலான் குழாய்களையும் ஒயரிங்கையும் ஒதுக்கிக் கட்டுங்கள். ஸ்பிரிங் பட்டைகளை ஈரச் சாக்கோ வெல்டிங் போர்வையோ போட்டு மூடுங்கள். பதம் ஏறிய ஸ்பிரிங்கில் ஒரு தீப்பொட்டு விழுந்து ஒட்டினாலே அந்தப் புள்ளியில் பின்னால் பட்டை முறியும்.

சுத்தம் செய்ய குளோரின் கலந்த பிரேக் கிளீனரைத் தொடவே தொடாதீர்கள். அதன் ஆவி ஆர்க்கில் பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற கொடிய விஷவாயு உருவாகும். அசிட்டோன் போதும், அதுவும் நன்றாகக் காய்ந்த பிறகுதான் ஆர்க். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

படி 5: முனைத்துளையும் வி-பள்ளமும்

விரிசலின் முனை ஊசிமுனையைவிடக் கூர்மையானது. அந்தக் கூர்மைதான் விசையைக் குவித்து விரிசலை முன்னே தள்ளுகிறது. முனையில் ஒரு வட்டத்துளை போட்டால் கூர்மை போய்விடும், நீங்கள் பள்ளம் வெட்டும்போதும் சூடாக்கும்போதும் விரிசல் நீளாது.

சாயச் சோதனையில் குறித்த முனையிலிருந்து 3 முதல் 5 மி.மீ. தள்ளி, 6 முதல் 8 மி.மீ. துளை போடுங்கள். உண்மையான முனை சாயம் காட்டுவதைவிடச் சற்று முன்னே இருக்கும், அதனால்தான் இந்த இடைவெளி. துளைக்குள் மறுபடி சாயம் விட்டு, எதிர்ச்சுவரில் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் விரிசல் துளையையும் தாண்டிப் போயிருக்கிறது, இன்னும் தள்ளிப் போடவேண்டும். மடிப்பின் வெளி ஓரத்தில் தொடங்கிச் சுவருக்குள் ஏறிய விரிசலுக்கு ஒரே முனைதான்; மறுமுனை திறந்த ஓரம்.

இப்போது கிரைண்டரால் விரிசலின் நீளம் முழுவதும் வி வடிவப் பள்ளம் வெட்டுங்கள். மொத்தக் கோணம் சுமார் 60 டிகிரி. அடியில் 1.5 முதல் 2 மி.மீ. கனம் விட்டு, 2 முதல் 3 மி.மீ. இடைவெளி கிடைக்கும்படி பாருங்கள். கிரைண்டர் போகும்போது விரிசல் ஒரு கருங்கோடாகப் பள்ளத்தின் அடியில் கூடவே வரும். இடைவெளி திறக்கும்போது அந்தக் கோட்டின் சுவடு பக்கச் சுவர்களில் எங்கும் மிச்சம் இருக்கக்கூடாது. அவசரப்பட்டு மேலாக வெட்டிவிட்டு அடைத்தால் உள்ளே ஒரு விரிசலைப் புதைத்துவைத்த மாதிரிதான்.

பள்ளத்தின் இரண்டு பக்கமும் 25 மி.மீ. அகலத்துக்கு, உள்ளும் வெளியும், பளபளக்கும் இரும்பு தெரியும்வரை தேயுங்கள். சாயத்தின் மிச்சத்தை முழுவதும் துடைத்தெடுங்கள், இல்லாவிட்டால் வெல்டில் துளைத்துளையாக வரும்.

விரிசல் மடிப்பின் ஓரத்தில் முடிகிறதென்றால், அந்த ஓரத்தில் அதே கனத்தில் ஒரு சிறு இரும்புத் துண்டைப் பள்ளத்தின் நீட்சியாக டாக் (தற்காலிகப் புள்ளி வெல்டு) அடித்து ஒட்டுங்கள். வெல்டு அந்தத் துண்டில் போய் முடியும், பிறகு துண்டை அறுத்துவிடலாம். வெல்டு முடியும் இடத்தில் எப்போதும் ஒரு குழி விழும். அந்தக் குழி மடிப்பின் ஓரத்தில் நின்றால் அடுத்த விரிசல் அங்கிருந்துதான். பலரும் தவிர்த்துவிடும் இந்தச் சின்ன வேலை, முழுப் பழுதின் ஆயுளையும் தீர்மானிக்கிறது.

படி 6: வெல்டிங்

கையால் அடிக்கும் ராடு என்றால் 7018 வகை. ஹைட்ரஜன் குறைவாக விடும் ராடு இது. ஹைட்ரஜன் உள்ளே போனால் வெல்டு குளிர்ந்த பல மணி நேரத்துக்குப் பிறகும் விரிசல் விடலாம். ஆனால் ராடு உலர்ந்திருந்தால்தான் இந்தக் குணம் நிற்கும். சீல் உடைந்த பாக்கெட்டை 120 முதல் 150 டிகிரி செல்சியஸ் ராடு அடுப்பில் வைத்திருக்க வேண்டும். பல நாள் வெளியே கிடந்த ராடை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். மிக் வெல்டிங் (ராடுக்குப் பதில் கம்பியும் காப்பு வாயுவும் வரும் முறை) என்றால் 70எஸ்-6 கம்பியும், 75 சதவீதம் ஆர்கான், 25 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலவையும் சரிவரும். மெஷினுக்கு 6 முதல் 8 மி.மீ. தகட்டை ஊடுருவும் திராணி இருக்கவேண்டும், காற்றடிக்காத இடமாகவும் இருக்கவேண்டும். சின்ன மிக் மெஷின் மேலே அழகாகப் படிந்து, அடியில் ஒட்டாமல் விட்டுவிடும். அதை நம்புவதைவிட 7018-ஐ நம்புவேன். 550 மெகா பாஸ்கல் வகைச் சட்டத்துக்கு அதன் வலிமைக்கேற்ற ராடைக் கையேடு பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

எர்த் கிளாம்பை அதே சட்டத்தில், வெல்டுக்கு மிக அருகில், சுரண்டிய இரும்பில் மாட்டுங்கள். கரண்ட் பேரிங் வழியாகவோ ஸ்பிரிங் வழியாகவோ போகக்கூடாது.

சட்டம் ஈரமாகவோ குளிராகவோ இருந்தால் 50 முதல் 100 டிகிரி வரை மிதமாகச் சூடுகாட்டி ஈரத்தைப் போக்குங்கள். சிவக்கும்வரை சூடாக்குவது கூடவே கூடாது.

முதல் ஓட்டுக்கு 2.5 மி.மீ. ராடு, டிசி, ராடு பாசிட்டிவ், 70 முதல் 100 ஆம்பியர். அடுத்த ஓட்டுகளுக்கு 3.15 மி.மீ., 100 முதல் 140 ஆம்பியர். முனைத்துளையில் தொடங்கி, திறந்த ஓரத்தை நோக்கிச் சிறு துண்டுகளாக முன்னேறுங்கள். சுருங்கும் விசை வெளியேற வழி கிடைக்கும். நிற்கும் சுவரில் ஒவ்வொரு துண்டையும் கீழிருந்து மேலாகத்தான் ஓட்டவேண்டும், மேலிருந்து கீழே இழுத்தால் ஊடுருவல் போதாது. ராடை அகலமாக ஆட்டாமல் ஒல்லியான நேர் ஓட்டுகளாகப் போடுங்கள். ஒவ்வொரு ஓட்டுக்கும் பிறகு கசடைத் தட்டி, கம்பி பிரஷ் போட்டு, ஓட்டுகளுக்கு நடுவே சட்டம் 150 டிகிரிக்குமேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிப்பக்கம் நிரம்பியதும் உள்பக்கத்திலிருந்து முதல் ஓட்டின் வேரைக் கிரைண்டரால் தோண்டி, பழுதற்ற உலோகம் தெரியும்வரை வெட்டி, அங்கும் ஒரு ஓட்டு ஓட்டுங்கள். முனைத்துளையும் முழுக்க நிரம்பியிருக்கவேண்டும். தானாக ஆறட்டும். தண்ணீர் ஊற்றுவதோ காற்றுப் பிடிப்பதோ வேண்டாம். வேலை நின்ற பிறகும் ஒரு மணி நேரம் யாராவது அங்கேயே இருந்து தீப்பொறி புகைகிறதா என்று பார்க்கவேண்டும்.

படி 7: தேய்த்துச் சமன்படுத்துதல்

துண்டை அறுத்தெடுத்து, வெல்டை இரண்டு பக்கமும் சட்டத்தோடு சமமாகத் தேயுங்கள். கடைசித் தேய்ப்பின் கோடுகள் சட்டத்தின் நீளவாக்கில் ஓடவேண்டும். குறுக்கே விழும் ஒவ்வொரு கீறலும் இழுவிசைக்குக் குறுக்கே நிற்கும் சின்னப் பள்ளம். மடிப்பின் ஓரத்தை விரலால் தடவினால் எங்கும் தடங்கக்கூடாது. பிறகு மறுபடி சாயச் சோதனை. சிவப்பு தெரிந்தால் அந்தப் பகுதியைத் தோண்டி மறுபடி செய்யவேண்டியதுதான், மேலே ஒரு ஓட்டு ஓட்டி மறைக்கக்கூடாது.

படி 8: வலுவூட்டல்

இங்கேதான் பெரும்பாலான பழுதுகள் கெடுகின்றன. வலுவூட்டும் தகட்டின் கனம் சட்டத்தின் கனத்தைத் தாண்டக்கூடாது. வலிமையும் ஏறக்குறைய அதே வகையாக இருக்கவேண்டும். கனமான தகடு என்றால் அதிக பலம் என்று தோன்றும். ஆனால் தகடு முடியும் இடத்தில் விறைப்பு அவ்வளவு சட்டென்று மாறும், உடைவதும் அங்கேதான்.

தகடு விரிசலின் இருபுறமும் குறைந்தது சட்டத்தின் உயரம் அளவுக்காவது நீளவேண்டும்; இரண்டு மடங்கு நீண்டால் இன்னும் நல்லது. உடைந்தது கீழ் மடிப்பு என்றால் தட்டைத் தகட்டைவிட, மடிப்பையும் சுவரையும் சேர்த்துப் பிடிக்கும் எல் வடிவத் தகடோ, உள்ளே பொருந்தும் சி தகடோ நல்லது. வளைவின் உள்மூலையில் இடிக்காமல் படியவேண்டும். முனைகளைச் சதுரமாக வெட்டாதீர்கள். மீன் வால்போல நடுவில் உள்வாங்கியோ, சட்டத்தின் நீளவாக்கிலிருந்து 45 டிகிரிக்கு மிகாத சாய்வில் நீளமாகச் சரித்தோ வெட்டுங்கள். முனை ஒரு ஸ்பிரிங் ஹேங்கருக்கோ கிராஸ் மெம்பருக்கோ நேராக வந்து நின்றால், தகட்டை நீட்டி அதைத் தாண்டவிடுங்கள். உள்ளும் வெளியும் தகடு வைத்தால் இரண்டின் முனைகளும் ஒரே இடத்தில் முடியக்கூடாது.

வெல்டு செய்வதா, போல்ட் போடுவதா? போல்ட்தான் என் தேர்வு. சட்டம் வளையும்போது போல்ட் இணைப்பு கொஞ்சம் நெகிழும், புதிய வெல்டு முனை எதுவும் பிறக்காது. பதப்படுத்திய சட்டம் என்றால் வேறு வழியே இல்லை. துளைகள் சுவரில் மட்டும். முடிந்தவரை ஏற்கெனவே உள்ள ஓட்டைகளைப் பயன்படுத்துங்கள். பழைய ரிவெட்டை எடுக்கத் தலையைத் தேய்த்து, நடுவில் துளைத்து, பஞ்சால் தட்டி வெளியே தள்ளுங்கள். கேஸ் கட்டர் வேண்டாம். துளையை ரீமர் (துளையைத் துல்லிய அளவுக்குச் சீவும் கருவி) போட்டுச் சரிசெய்து, போல்ட் இறுக்கமாக நுழையும்படி வையுங்கள். 10.9 தர போல்ட், கடினப்படுத்திய வாஷர், பூட்டு நட்டு. 12 மி.மீ. போல்ட்டுக்கு 110 முதல் 120 நியூட்டன் மீட்டர் முறுக்கம், டார்க் ரெஞ்சால் மட்டும்.

மைல்டு ஸ்டீல் சட்டத்தில் வெல்டுதான் செய்யப்போகிறீர்கள் என்றால், விதிகள் சில. வெல்டு நீளவாக்கில் மட்டுமே ஓடவேண்டும். செங்குத்தாகவோ மடிப்புக்குக் குறுக்காகவோ ஒரு அங்குலம்கூட வேண்டாம். தகட்டின் முனையிலிருந்து 25 மி.மீ. விட்டுத்தான் வெல்டு தொடங்கவேண்டும், முனையைச் சுற்றி வளைக்கக்கூடாது. மடிப்பின் ஓரத்தில் வெல்டு கூடாது. 50 மி.மீ. வெல்டு, 100 மி.மீ. இடைவெளி என்று விட்டுவிட்டு அடித்தால் சூடும் குறையும், கோணலும் வராது. தகட்டில் 20 முதல் 25 மி.மீ. துளைகள் போட்டு, துளையின் உள்வட்டத்தைச் சட்டத்தோடு வெல்டு செய்வதும் நல்ல முறை.

ஒரு பக்கச் சட்டத்தை மட்டும் விறைப்பாக்காமல், உடையாத பக்கத்திலும் இணையான தகடு வைத்துவிடுங்கள். உடையாத பக்கமும் அதே வயது, அதே சுமை கண்டதுதான்.

தகட்டைப் பொருத்துமுன் இரண்டு முகங்களிலும் துத்தநாகம் கலந்த பிரைமர் பூசிக் காயவிடுங்கள். வெல்டு ஓடும் இடத்தை மட்டும் வெறுமையாக விடுங்கள். துத்தநாகப் புகை காய்ச்சல் கொடுக்கும்.

படி 9: காரணத்தைக் களைதல், பூச்சு, கண்காணிப்பு

இரண்டாம் படியில் எழுதி வைத்ததை எடுங்கள். அடிச்சட்டத்தின் முன்முனையைச் சீவியாயிற்றா, யு-போல்ட்டுகளுக்கு உள்ளே முட்டுக்கட்டை வைத்தாயிற்றா, தேய்ந்த புஷ்ஷை மாற்றியாயிற்றா, தளர்ந்த கிராஸ் மெம்பர் இறுகிவிட்டதா, கூடுதல் ஸ்பிரிங் பட்டையை எடுத்தாயிற்றா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒன்று மிச்சமிருந்தாலும் வண்டியை வெளியே விடாதீர்கள். உரிமையாளர் அதிகச் சுமையை நிறுத்தப்போவதில்லை என்றால், அதை வேலைக்கு முன்பே வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது.

ஸ்டாண்டுகளை எடுத்ததும் மூலைவிட்டங்களை மறுபடி அளந்து, முதல் அளவோடு ஒப்பிடுங்கள். பிரைமர், அப்புறம் சேசிஸ் பெயிண்ட், தகடுகள் சேரும் ஓரங்களில் சீலன்ட். கனத்த தார்ப்பூச்சை இந்த இடத்தில் பூசாதீர்கள். புதிய விரிசலை அது மறைத்துவிடும். வெளிர்நிறப் பெயிண்ட் அடித்தால் துருக்கோடு முதல் நாளே தெரியும்.

பேட்டரியைப் பொருத்தி, பிரேக், ஸ்டியரிங், விளக்குகள் எல்லாம் சோதித்தபின், முதலில் காலியாக, பிறகு பாதிச் சுமையில் ஓட்டுங்கள். 500 கி.மீ. ஓடியதும் எல்லா போல்ட்டுகளின் இறுக்கத்தையும் சரிபார்த்து, தகட்டின் நான்கு முனைகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். 1,000 கி.மீ.க்கு மறுபடி ஒருமுறை. அதன்பின் ஒவ்வொரு கிரீஸ் சர்வீஸிலும் அந்த முனைகளையும் ஹேங்கர்களையும் கழுவிப் பார்க்கவேண்டும். செம்பழுப்புப் பொடி மீண்டும் தெரிந்தால் அன்றே சுமையை இறக்கிவிட்டு, இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்.